அனுசியா வெளியே இருந்த பதிமூன்று நிமிடம்

அனுசியாவை உட்காரச் சொல்லிவிட்டேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள், தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டிக்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு. கடைசிக் கால்மணி நேர ஆட்டத்துக்கு விசில் ஊதியாகிவிட்டது. எதிரே பலகையில் சிவப்பு எண்கள் பதினைந்திலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டன. ஒன்றுக்கு ஒன்று. மாநில மகளிர் ஹாக்கியின் அரையிறுதி, சென்னை அணிக்கு எதிராக, அதுவும் கோவில்பட்டியில், எங்கள் ஊர் ஜனத்தின் முன்னால். எங்கள் கரிசல் மகளிர் கழகத்துக்காக அந்த ஒரு கோலை அடித்தவளை நான் வெளியே உட்கார வைத்திருக்கிறேன். நான்கு நிமிடம்தான். பலகையில் பதினொன்று வந்ததும் உள்ளே அனுப்பிவிடுவேன். மூன்றாவது பகுதியில் அவள் இரண்டு முறை வலது தொடைக்குக் கையைக் கொண்டுபோனாள், வலிக்கிற இடத்துக்கு அல்ல, பாவாடை ஓரத்துக்கு, துணியைச் சரி செய்கிற மாதிரி. மற்றவர்கள் பார்த்தால் துணியைச் சரி செய்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். நான் இருபது வயதில் அதே இடத்தில் அதே மாதிரி கையை வைத்து மறைத்தவள், எனக்குத் தெரியும். "தொடை பிடிக்குதா?" என்று கேட்டதற்கு "நல்லா இருக்குக்கா" என்றாள், கண்ணைப் பார்க்காமல். நான் "நாலு நிமிஷம் ஒக்காரு" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், இந்த ஆட்டத்தை நான் இல்லாம இவங்க என்ன பண்ணுவாங்க என்பது. கெட்ட எண்ணம் இல்லை அது. அவளுக்குத் தெரிந்த உண்மை அது. எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது.

அவளுக்குப் பதில் மாடத்தி போயிருக்கிறாள். மாடத்திக்கு முப்பத்தொரு வயது, நான்கு வயதில் ஒரு பெண், பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர் வேலை. காலை ஐந்தரைக்குப் பிராக்டிஸ் என்றால் ஐந்து இருபதுக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, வேலியோரம் கிடக்கிற பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு நிற்பாள். போன வருஷம் இடது பக்கம் ஆள் இல்லை என்றபோது இடது பக்கம் ஆடினாள், பின்னால் ஆள் இல்லை என்றபோது பின்னால் போனாள், ஒரு ஆட்டத்தில் முன்னால் நின்றாள். எங்கே போகணும் என்று கேட்பாள், ஏன் என்று கேட்டதில்லை. மற்ற நாள் என் பக்கத்துப் பெஞ்சில் இருப்பாள். பதினெட்டுப் பேரில் அவள் பதினாறாவது, பதினேழாவது. இன்று அவளிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "சென்னைக்காரி ஏழாம் நம்பர் இருக்கா பாரு, அந்த நெட்டை, பந்து அவகிட்டதான் வருது, அவ திரும்பித்தான் மத்தவங்களுக்குக் கொடுக்கா. அவளைத் திரும்ப விடாதே. நீ பந்து எடுக்க வேண்டாம். அவ முகத்துக்கு முன்னால நில்லு." மாடத்தி "சரிக்கா" என்று வாயில் பல்காப்பை வைத்துக் கடித்துக்கொண்டு ஓடினாள். இதோ முதல் நிமிடத்திலேயே ஏழாம் நம்பருக்குப் பந்து வந்தது, மாடத்தி போய் நின்றாள், அவள் திரும்ப முடியாமல் பின்னால் தள்ளினாள். மறுபடி வந்தது. மறுபடி பின்னால். நனைத்த டர்ஃப் தரையில் ஷூ தேய்கிற சத்தம், தண்ணீர் விசிறுகிறது, நான்கு மணி வெயிலில் ஒரு நொடி வானவில் மாதிரி தெரிந்து போகிறது. கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. பந்து பின்னால் போனதற்கு யார் கை தட்டுவார்கள்.

"செண்பகம்! ஏம்மா செண்பகம்!" வேலிக்குப் பின்னாலிருந்து எங்கள் கழகச் செயலாளர் தனுஷ்கோடி. திரும்பாமலே தெரியும், வெள்ளைச் சட்டை, கையில் மடித்த தாள், வேலிக் கம்பியில் விரல். "அனுசியாவை ஏன் எடுத்தே? கேம்புக்கு ஆள் பாக்க ரெண்டு பேரு மேல ஒக்காந்திருக்காங்க. அவளப் பாக்கத்தான் வந்திருக்காங்க. பெஞ்சையா காட்டுவே அவங்களுக்கு?" நான் கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன், பொறுங்கள் என்று. அவர் சொல்வது பொய் இல்லை. அந்த இரண்டு பேர் மேல் வரிசையில் கறுப்புக் குடைக்குக் கீழே இருக்கிறார்கள். இந்திய அணிக்கான கேம்பில் ஒரு முன்கள ஆளுக்கு இடம் இருக்கிறது என்கிறார்கள். அனுசியாவுக்கு இருபத்து மூன்று வயது. இப்போது விட்டால் அடுத்து எப்போது? அவள் அப்பா பனைமரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்தவர். கேம்புக்குப் போனால் வேலை, வேலை வந்தால் வீடு, எல்லாம் ஒரு கோட்டில் வரிசையாக நிற்கிறது. அதன் முதல் கண்ணியை நான் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன். நான்கு நிமிடம்தானே. தொடைக்காக. தொடை கிழிந்தால் கேம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியதுதானே தனுஷ்கோடியிடம். சொல்லவில்லை. ஒரு அணிக்கு வெளியே நிற்கிற ஆள் எப்போதும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கிறவர்களிடம் ஏன் உட்கார வைத்தேன் என்று, வெளியே இருக்கிறவர்களிடம் ஏன் ஆட விட்டேன் என்று. ராத்திரி வீட்டுக்குப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை, அது வேறு.

பதினொன்று வந்தது. நான் அனுசியாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்றால் அப்போதுதான் ஒன்று கேட்டது. மைதானத்துக்குள் பேச்சு. "இடதுல வாரா!" "விடு, நான் இருக்கேன்!" "மாடத்தியக்கா, பின்னால!" எங்கள் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். முக்கால் மணி நேரமாக இந்தப் பேச்சு இல்லை. அனுசியா உள்ளே இருக்கும்போது பேச்சு இருக்காது. பந்து கிடைத்தால் அனுசியா எங்கே என்று பார்ப்பார்கள், அவளிடம் தள்ளுவார்கள், தள்ளிவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார்கள், கூட்டத்தோடு கூட்டமாக. அவள் மூன்று பேரை ஏமாற்றிப் போவாள், நான்காவது ஆளிடம் மாட்டுவாள், அல்லது கோல் அடிப்பாள். அடித்தால் எல்லோரும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்கள். அப்போதுகூட அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள், அவளைப் பார்ப்பார்கள். இப்போது பார்க்க ஆள் இல்லாததால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்கிறாள். ஒரு பெரிய ஆளை வைத்திருக்கிற அணி அந்த ஆள் அளவுக்குத்தான் ஆடும், அதற்கு மேல் ஆடாது. அந்த ஆள் இல்லாவிட்டாலோ கோல் அடிக்க ஆள் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு நிமிடம் இருக்கிறது, அதில் அவளை எடுக்க வேண்டும், இன்னொரு நிமிடம் இருக்கிறது, அதில் அவளை விட வேண்டும். அந்த இரண்டு நிமிடங்களைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பத்து வருஷமாகச் செய்கிறேன். ஒரு தடவையாவது சரியாகக் கண்டுபிடித்தேனா என்று தெரியாது. ஜெயித்தால் சரி என்று சொல்லிக்கொள்கிறோம்.

"அக்கா, நான் போகட்டுமா?" அனுசியா. பத்து முப்பது. நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் குரல் என் இடது காதுக்கு நேரே, ஒரு கை தூரத்தில். கேட்கவில்லை என்று யாரும் நம்ப முடியாத தூரம். கேட்காத மாதிரி நிற்பது எனக்குப் பழக்கம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தைந்து வருஷம். திருச்சியில், இதே மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டம், புல்தரை, அப்போது முப்பத்தைந்து முப்பத்தைந்து நிமிடமாக இரண்டு பாதி. நாங்கள் நான்குக்குப் பூஜ்யம் என்று இருந்தோம். அதில் இரண்டு நான் அடித்தது. இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. எங்கள் கோச் கோயில்பிள்ளை சார் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து "செண்பகம், வெளிய வா!" என்று கூப்பிட்டார். அவர் பக்கத்தில் பேச்சியம்மாள் நிற்கிறாள், கையுறை மாட்டிக்கொண்டு, ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி. பேச்சி என் கூட்டாளி. மூன்று வருஷம் ஒரே அறை, ஒரே தட்டு, அவள் சீப்பில் நான் தலை சீவுவேன். மூன்று வருஷமாக ஒரு ஆட்டத்தில்கூட அவள் இறங்கவில்லை. அவள் சட்டையில் புல் கறை பட்டதில்லை. அன்றைக்கு அவள் அப்பா தீப்பெட்டி லோடு லாரியில் ஏறி வந்திருந்தார், மகள் ஆடுவதைப் பார்க்க. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றார். நான் அவரையும் பார்த்தேன், சாரையும் பார்த்தேன். "செண்பகம்!" என்று இன்னொரு தடவை. நான் வலது பக்கமாக ஓடினேன். மூன்றாவது கோல் வேண்டும் எனக்கு. மூன்று அடித்தால் பேப்பரில் பெயர் வரும். அடித்தேன். வந்தது. வேலையும் அதில்தான் வந்தது என்று சொல்லலாம். ஆட்டம் முடிந்ததும் சார் "கூப்பிட்டேனேம்மா" என்றார். "கேக்கல சார், கூட்டத்துச் சத்தம்" என்றேன். எங்கே கூட்டம். அந்த மைதானத்தில் அன்றைக்கு நூறு பேர் இருந்தால் அதிகம். பேச்சி கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். "கேக்கலடி" என்றேன் அவளிடமும். அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான். அவள் அப்பா அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தார்கள், அவர் லாரிக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் பேச்சி பிராக்டிஸுக்கு வரவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. சாத்தூர்ப் பக்கம் எங்கோ இருக்கிறாள் என்கிறார்கள். சாத்தூர் அரை மணி நேரம்.

எட்டு நிமிடம். சென்னைக்காரிகள் வேகத்தைக் கூட்டுகிறார்கள். அவர்கள் கோச் தன் ஆட்களை இரண்டிரண்டாக மாற்றுகிறார், புதுக் காலோடு உள்ளே வருகிறார்கள். நானும் பக்கவாட்டு ஆட்கள் இரண்டு பேரை மாற்றினேன். மாடத்தியை மாற்றவில்லை. ஏழாம் நம்பர் இன்னும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவள் கோபமாகக் கையை விரித்து நடுவரிடம் ஏதோ சொல்கிறாள். நடுவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். மாடத்தி செய்வதில் தப்பு ஒன்றும் இல்லை, வெறுமனே இருக்கிறாள், எங்கே திரும்பினாலும் இருக்கிறாள். அப்போது மாடத்தி கையைத் தூக்கினாள். வலது கை, தலைக்கு மேலே, விரல்களை விரித்து. பந்து எங்கள் பக்கம் இருந்தது. பந்தைக் கேட்கிறாள்! பத்து வருஷத்தில் இவள் பந்தைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கொடு, அவளுக்குக் கொடு என்று கத்தினேன், கொடுக்கவில்லை, பந்து வேறு பக்கம் போய்விட்டது, ஆனால் அவள் கேட்டாளே. உள்ளே விட்டால் தானே கேட்பாள். ஐந்து நிமிடம் கிடைத்தால் தானே ஒருத்தி தன்னை யார் என்று காட்ட முடியும். இன்றைக்கு ஏழு நிமிடம் ஆகிவிட்டது அவளுக்கு, ஒரே மூச்சில். இன்னும் இருக்கட்டும். அந்தக் கறுப்புக் குடைக்காரர்களும் பார்க்கட்டும், ஆட்டம் என்றால் கோல் மட்டும் இல்லை என்று. இருக்கட்டும், இருக்கட்டும் என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

"அக்கா." அனுசியா எழுந்து நின்றுவிட்டாள். துண்டு தோளில். "அக்கா, நான் போறேன், அந்த..." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. காதை மூடுவதற்குக் கை தேவையில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு உள்ளுக்குள் எண்களைச் சொல்ல ஆரம்பித்தால் போதும், ஆறு நாற்பது, ஆறு முப்பத்தொன்பது, பக்கத்தில் பேசுகிற குரல் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி ஆகிவிடும். அவள் இன்னும் ஏதோ சொன்னாள். வேலிக்குப் பின்னால் தனுஷ்கோடியும். அவரோடு இப்போது நான்கைந்து பேர், "அனுசியா! அனுசியா!" என்று தாளம் போடுகிறார்கள். ஊரே கேட்கிறது அவளை. தோற்றால் என்ன ஆகும் என்று தெரியும். அனுசியாவை உட்கார வைத்துத் தோற்றவள் என்று பெயர் வரும், பொறாமை என்பார்கள், தான் போகாத கேம்புக்கு இவள் போகக் கூடாது என்று செய்தாள் என்பார்கள். அப்படியா? இல்லை. அது இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, அது இப்போதுதான், ஐந்து ஐம்பதில், எனக்குத் தட்டுப்பட்டது. நான் மாடத்தியை மாடத்திக்காக உள்ளே வைத்திருக்கிறேனா? அணிக்காக வைத்திருக்கிறேனா? இல்லை, திருச்சியில் கோட்டுக்குப் பக்கத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்ற ஒருத்தியை இன்றைக்குக் கொண்டுவந்து உள்ளே விட்டிருக்கிறேனா? இந்தக் குழந்தைகளுக்கு அவளைத் தெரியாது. அனுசியா என்ன பாவம் செய்தாள்? அவள் கூப்பிட்டதும் வந்தாளே. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாளே. நான் வராத மாதிரி அவள் வராமல் இருக்கவில்லையே.

இந்த இடத்தில் அவளை அனுப்பியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் இருந்தது. அனுப்ப நினைத்தேன், கை அவள் பக்கம் பாதி போனது, அதற்குள் எங்கள் பெண்கள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போனார்கள், இடது ஓரமாக மூன்று பேர், ஒருத்திக்கு ஒருத்தி தட்டிக்கொண்டு, கோலுக்கு முன்னால் இருக்கிற டி வட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்கள், கூட்டம் எழுந்தது, நானும் இரண்டடி முன்னால் போனேன். பந்து கம்பத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போனது. அனுசியா இல்லாமல் நாங்கள் போய் அடித்த முதல் அடி. பார்த்தீர்களா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் இருந்த ஆறு பெண்களும் அனுசியாவைச் சுற்றி நின்றார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. மாடத்தி மறுபடி கையைத் தூக்கியிருந்தாள், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், இடுப்பில் ஒரு கை, தலைக்கு மேலே ஒரு கை. ஏதோ கத்தினாள். கூட்டத்துச் சத்தத்தில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். நல்லா ஆடுறே என்று. அவள் ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு ஏழாம் நம்பர் பக்கம் திரும்பி ஓடினாள். அந்த ஓட்டத்தில் ஏதோ இருந்தது, இடது குதி தரையில் முழுசாகப் பதியாமல். பார்த்தேன். பார்த்துவிட்டு நிமிடத்தைப் பார்த்தேன். மூன்று முப்பது.

பிறகு நடந்தது சுருக்கமானது. இரண்டு நிமிடமும் சில்லறை நொடிகளும் இருக்கும்போது ஏழாம் நம்பருக்குப் பந்து வந்தது. மாடத்தி அவள் முன்னால் போனாள், போகவில்லை, போகப் பார்த்தாள், இடது கால் அவளோடு வரவில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு மண்டி போட்டு விழுந்தாள். ஏழாம் நம்பர் முதல் தடவையாகத் திரும்பினாள். திரும்பினால் அவளுக்கு முன்னால் மைதானம் முழுசும் இருந்தது. வலது பக்கம் ஒரு தள்ளு, அங்கிருந்து டி-க்குள், எங்கள் தடுப்பாளர் ஒருத்தியின் காலில் பட்டு விசில். பெனால்டி கார்னர். பெனால்டி கார்னர் கொடுத்த பிறகு ஆள் மாற்ற முடியாது. மாடத்தி நொண்டிக்கொண்டே எழுந்து நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள், தடுக்கிற ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் முகமூடியை மாட்டினார்கள். பந்து வந்தது, நின்றது, சென்னைக்காரி ஒருத்தி அடித்தாள், கோலுக்குள் பின்பலகையில் பட்டுத் தட் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு கோவில்பட்டியில் ஒரு சத்தமும் இல்லை. ஒன்றுக்கு இரண்டு, இன்னும் ஒரு நிமிடம் இருபது நொடி. "போ" என்றேன் அனுசியாவிடம், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் போனாள். நடுக்கோட்டில் மாடத்தியும் அவளும் எதிர் எதிரே வந்தார்கள், அனுசியா மாடத்தியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் இரண்டு தடவை பந்தோடு போனாள், ஒரு தடவை நான்கு பேரைத் தாண்டினாள். நான்கு பேர். தொடையில் ஒன்றும் இல்லாத மாதிரி. ஐந்தாவது ஆள் ஏழாம் நம்பர். ஹூட்டர் ஊதியது.

எல்லோரும் அழுதுகொண்டு வந்தார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், நல்லா ஆடினீங்க, தலையைத் தூக்குங்க, எதிர் டீமுக்குக் கை கொடுங்க. தனுஷ்கோடி வேலிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. அது திட்டுவதைவிட மோசம். மேல் வரிசையில் குடை இல்லை. மாடத்தி பெஞ்சின் கோடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்காலில் சதை உருண்டு திரண்டு கல் மாதிரி நின்றது. அனுசியா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் ஷூவைக் கழற்றி, பாதத்தைத் தன் வயிற்றில் வைத்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "எப்போ பிடிச்சுது மாடத்தி?"

மாடத்தி ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். "எட்டு நிமிஷம் இருக்கையிலேயே பிடிச்சிருச்சுக்கா. கையைக் காட்டுனேனே. மாத்துங்கன்னு மூணு தடவை காட்டுனேன். கூப்பிடவும் செஞ்சேன். ஆளு இல்லாம நான் எப்படி வெளிய வர? பத்துப் பேரா ஆயிருமே. நீங்க கட்டை விரலக் காட்டுனீங்க. சரி, இன்னுங் கொஞ்ச நேரம் தாங்கச் சொல்லுதாக போலன்னு..."

"நானும் சொன்னேன்," என்றாள் அனுசியா, பாதத்தை விடாமல், தலை நிமிராமல். "நான் போறேன், அந்தக்கா கையைக் காட்டுதுன்னு. உங்க காதுல சொன்னேன். ரெண்டு தடவை."

கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை. அவள் பேச ஆரம்பித்ததும் தனக்காகக் கேட்கிறாள் என்று நானே முடிவு பண்ணிக் காதை அடைத்துக்கொண்டேன். நான்கு சொல் தள்ளி அவள் சொன்னது மாடத்திக்காக. "கேக்கல" என்றேன். இந்தத் தடவை அது நிஜம், அதைச் சொல்ல என்னிடம் வேறு சொல் இல்லை. இருபத்தைந்து வருஷமாக ஒரு பொய்க்குப் போட்டுத் தேய்த்த சொல் அது, வெளியே வரும்போதே அது பொய் மாதிரித்தான் வந்தது. "நெசமாவே கேக்கல மாடத்தி. நீ பந்தைக் கேக்கேன்னு நெனைச்சேன்."

"நான் எதுக்குக்கா பந்தைக் கேக்கப் போறேன்," என்று மாடத்தி சிரித்தாள். வலியில் சிரிப்பு பாதியில் கோணியது. அனுசியாவும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், கண்ணெல்லாம் தண்ணீராக. பிறகு மாடத்தி மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, காலையில் வந்ததும் பந்துக் கணக்குச் சொல்வாளே அந்தக் குரலில். "அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. பெஞ்சுல இருக்குறது எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல. என்னால எவ்வளவு ஓட முடியும்னு எனக்குத் தெரியும். ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம். அதை நான் நல்லாச் செய்வேன். அப்புறம் ஒக்காரணும். நீங்கதான் நான் ஒக்காந்திருந்தா என் மூஞ்சியப் பாத்துப் பாத்துக் கஷ்டப்படுதீங்க. எனக்கு அது என்னன்னே வெளங்கல."

என்ன என்று நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். திருச்சி, நூறு பேர், ஒரு லாரி. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது இவள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய பாரம் இல்லை, கால் இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் இறக்கி வைக்கிற பாரமும் இல்லை. "ஐஸ் வெச்சுக்கோ" என்றேன். "இருக்குக்கா, வரும்" என்றாள் அனுசியா. அவளே சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்குள் ஒருத்தி ஐஸ் பையோடு வந்தாள், இன்னொருத்தி பேண்டேஜ் சுருளோடு, இன்னொருத்தி சும்மா வந்து மாடத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சைச் சுற்றி ஒரு வளையம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் செய்ய ஏதோ இருந்தது. நான் கையில் பிடித்திருந்த தண்ணீர் பாட்டிலை யாரிடமாவது கொடுக்கலாம் என்று பார்த்தேன், எல்லோர் கையிலும் தண்ணீர் இருந்தது. வளையத்துக்கு உள்ளே போயிருந்தால் இடம் விட்டிருப்பார்கள். மரியாதையாக எழுந்து, அக்கா உட்காருங்க என்று. அந்த மரியாதையை நினைத்துத்தான் போகவில்லை.

போட்டி நடத்துகிறவர்கள் மேசையிலிருந்து ஆள் வந்து கேட்டார். நாளைக் காலை ஏழரைக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், இன்று மாலை ஆறு மணிக்குள் பட்டியல் வேண்டும். அட்டையையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு மைதானத்து ஓரத்தில், பந்து தடுக்கிற பலகை மேல் தாளை வைத்து எழுதினேன். முதல் பெயர் அனுசியா. தொடையை நாளைக் காலையில் அழுத்திப் பார்த்துவிட்டு, அவளிடமே கேட்டு, அவள் சொல்கிற பதிலை முழுசாகக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கேம்புக்காரர்களுக்கு நானே இன்றைக்கு ராத்திரிக்குள் போன் செய்து, பெண் நன்றாக இருந்தாள், உட்கார வைத்தது என் கணக்குத் தப்பு என்று சொல்ல வேண்டும். நம்புவார்களோ என்னவோ. பதினேழு பெயர் எழுதினேன். பதினெட்டாவதுக்கு முன்னால் பேனாவைத் தூக்கிக்கொண்டு திரும்பி, அந்த வளையத்தைப் பார்த்துக் கத்தினேன். "மாடத்தி! நாளைக்கு உன் பேரை எழுதவா? பெஞ்சுல?"

வளையம் விலகியது. அவள் முகம் தெரிந்தது. காலை அனுசியாவின் மடியில் வைத்தபடி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்காமல், வாயருகே குவித்து, மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"எழுதுங்கக்கா! கால் நேரானா அஞ்சு நிமிஷம் ஓடுதேன். அதுக்கு மேல கேக்காதீங்க!"

எழுதினேன். அவர்கள் மறுபடி தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். பஸ் வருகிறவரைக்கும் நான் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.